தாடை நோவும் தகுந்த மருத்துவமும்

பல் நோகிறது என்றால் பல்லைப் பார்க்கிறோம். காது நோகிறது என்றால் காதைப் பார்க்கிறோம். பல்லில் சொத்தை இல்லை, காதில் சீழ் இல்லை, ஆயினும் முகத்தின் ஒரு பக்கம் மாதக்கணக்கில் நோகிறது என்றால் எங்கே பார்ப்பது? விடை தெரியாமல் அலைவோர் மிகப் பலர். பல் மருத்துவரிடம் தொடங்கும் அலைச்சல் காது மூக்குத் தொண்டை மருத்துவர், கண் மருத்துவர், நரம்பியல் மருத்துவர் என நீளுகிறது. இடையில் ஒரு பல்லுக்கு வேர்ச் சிகிச்சை நடக்கிறது. சில மாதம் சென்று அதே பல் பிடுங்கப்படுகிறது. பிறகு அடுத்த பல். நோவு மட்டும் அசையாமல் நிற்கிறது. இறுதியில், "உங்களுக்கு ஒன்றுமில்லை, மனக்கவலையைக் குறையுங்கள்" என்ற சொல்லோடு வீடு திரும்புகின்றனர்.

இவர்களுக்கு நேரும் தீங்கு இருவகைப்பட்டது. நோவையே இல்லையென்று தள்ளுவது ஒன்று. நோவைப் போக்குவதாக எண்ணிப் பல்லையும் மூட்டையும் அழிப்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும் இரண்டும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை. வலிக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் பழுது இருந்தாக வேண்டும் என்பதே அவ்வெண்ணம். பழுது தெரியாதபோது வலியை மறுக்கிறோம். ஏதேனும் சிறு பிசகு தென்பட்டால் அதன்மேல் பழியைப் போட்டு அறுக்கிறோம். கடந்த 40 ஆண்டுகளில் வளர்ந்த நோவியல் அறிவு இவ்வெண்ணத்தைத் தகர்த்துவிட்டது. அந்த அறிவு நோயாளியின் வாய்வலிவரை இன்னும் வந்து சேரவில்லை என்பதே வருத்தத்திற்குரியது.

இரு மூட்டும் ஓர் எலும்பும்

காதுத் துளைக்கு முன்னே உள்ள சிறு குருத்து மேட்டை அடுத்து இரு சுட்டுவிரல்களையும் வைத்து, வாயை மெல்லத் திறந்து பாருங்கள். முதலில் விரலடியில் ஓர் எலும்புக் குமிழ் நின்ற இடத்திலேயே உருளும். வாய் மேலும் திறக்கும்போது அக்குமிழ் முன்னும் கீழுமாக வழுக்கிச் செல்லும்; அது விட்டுச்சென்ற இடத்தில் விரல் சற்றே பள்ளத்தில் பதியும். இதுவே தாடை மூட்டு. உருளுதல், வழுக்குதல் ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யும் இம்மூட்டு, உடலின் சிக்கலான மூட்டுகளுள் ஒன்று.

கீழ்த்தாடை ஒரே எலும்பு. அதன் இரு முனைகளிலும் இரு மூட்டுகள். ஆதலால் ஒரு பக்க மூட்டு அசைந்தால் மறுபக்க மூட்டும் அசைந்தே தீரும். ஒரு மூட்டுக்கு ஓய்வு கொடுத்து மற்றொன்றால் மெல்லுவது இயலாது. குமிழுக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் இடையே மெல்லிய நார்க்குருத்துத் தட்டு ஒன்று அமைந்து மூட்டை மேலறை கீழறை என இரண்டாகப் பிரிக்கிறது. கீழறையில் உருளுதலும் மேலறையில் வழுக்குதலும் நடைபெறுகின்றன. அத்தட்டு சிலர்க்கு இடம் பெயர்ந்து முன்னே தள்ளியிருக்கும். வாய் திறக்கையில் குமிழ் அதன்மேல் ஏறும்போது 'டக்' என்ற ஒலி எழும். நோவில்லாத இவ்வொலி மிகப் பலர்க்கு உண்டு. அதற்கு மருத்துவமே வேண்டுவதில்லை. ஒலியைக் கேட்டு அஞ்சி மூட்டை அறுக்கச் சென்றவர்கள் பட்ட பாடு தாடை நோவு மருத்துவத்தின் வரலாற்றில் துயரமான பகுதி.

மூட்டைவிட அடிக்கடி நோவுக்கு உள்ளாவது தசை. கன்னத்தில் கைவைத்துப் பல்லைக் கடித்தால் திரண்டு கெட்டியாகும் மெல்லுதசையும், நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரிந்திருக்கும் தசையும் அவற்றுள் முதன்மையானவை. வாயை மூடி ஓய்வாக இருக்கும்போது மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே இயல்பு. பற்கள் தொட வேண்டிய தேவை மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே. ஆனால் கணினித் திரையை உற்றுப் பார்க்கையில், ஊசியில் நூல் கோக்கையில், நெரிசலில் வண்டி ஓட்டுகையில் பற்களை அழுத்தியே வைத்திருப்போர் ஏராளம். தாம் அப்படிச் செய்வதை அவர்கள் அறியார். நாள் முழுதும் ஓய்வில்லாத தசை மாலையில் நோகத் தொடங்குகிறது.

ஓரிடத்து நோவு வேறிடத்தில் தோன்றுதல்

முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டு செல்வது ஐந்தாம் மூளை நரம்பு. கண்ணும் நெற்றியும் ஒரு கிளை, கன்னமும் மேற்பல்லும் ஒரு கிளை, கீழ்த்தாடையும் கீழ்ப்பல்லும் ஒரு கிளை எனப் பிரிவதால் அதனை முப்பிரி நரம்பு என்கிறோம். மெல்லும் தசைகளை இயக்குவதும் அதன் மூன்றாம் கிளையே. இந்நரம்பின் நோவுச் செய்திகள் வந்து சேரும் உட்கரு மூளைத்தண்டில் தொடங்கிக் கழுத்துத் தண்டுவடத்தின் மேற்பகுதி வரை இறங்குகிறது. அங்கே பல், ஈறு, தாடை மூட்டு, மெல்லுதசை, மூளையுறை ஆகியவற்றின் நரம்பிழைகளோடு மேற்கழுத்தின் நரம்பிழைகளும் ஒரே நரம்பணுக்களில் வந்து முடிகின்றன. பல ஓடைகளின் நீர் ஓர் ஏரியில் கலந்தபின் எது எந்த ஓடையின் நீர் என்று பிரித்தறிய இயலாதது போல, வந்த நோவு எங்கிருந்து வந்தது என்பதை மூளை பல வேளைகளில் பிழையாகக் கணிக்கிறது.

அதனாலேயே மெல்லுதசையின் நோவு கடைவாய்ப் பல்லின் நோவாகத் தோன்றுகிறது. பொட்டுத் தசையின் நோவு மேற்பல் நோவாகவும் தலைவலியாகவும் தோன்றுகிறது. கழுத்தின் நோவு கண்ணின் பின்புறத்தில் உணரப்படுகிறது. நோயாளி சுட்டிக்காட்டும் பல்லில் பொய் இல்லை. அவர் அங்கேதான் நோவை உணர்கிறார். ஆனால் அதன் ஊற்று வேறிடத்தில் இருக்கிறது. தேர்ந்த மருத்துவர் அப்பல்லைச் சுற்றி மரப்பூசி போட்டுப் பார்ப்பார். பல் நன்கு மரத்த பின்னும் நோவு குறையவில்லையெனில் ஊற்று அங்கே இல்லை என்பது தெளிவு. பிறகு மெல்லுதசையை விரலால் சில நொடி அழுத்துவார். "இதுதான், இதே நோவுதான்" என்று நோயாளி சொல்வாராயின் ஊற்று கைக்கு அகப்பட்டது. செலவில்லாத இச்சோதனை பல பற்களைக் காக்க வல்லது.

நோவே நோயாதல்

காயம் ஆறியபின் நோவும் மறைவது இயற்கை. மூன்று மாதங்களைக் கடந்தும் நீடிக்கும் நோவை நாட்பட்ட நோவு என்பர். 1983-இல் கிளிஃபோர்டு உல்ஃப் என்னும் ஆய்வாளர் எலிகளிடம் நடத்திய ஆய்வில் ஓர் அரிய உண்மையைக் கண்டார். உடலின் ஓரிடத்தில் காயம் ஏற்பட்டால் அவ்விடத்து நரம்பு மட்டுமன்றித் தண்டுவடத்தின் நரம்பணுக்களும் தம் இயல்பு மாறி, சிறு தூண்டலுக்கும் பெருங்கிளர்ச்சி அடைகின்றன. மென்மையான தொடுகையும் நோவாக உணரப்படுகிறது. நோவின் எல்லை காயத்தைக் கடந்து பரவுகிறது. நடுநரம்பு மண்டலம் இவ்வாறு கூருணர்ச்சி கொண்டுவிட்டால், முதற்காரணம் நீங்கிய பின்னும் நோவு நிலைத்துவிடக் கூடும். திசுக்காயத்தால் வரும் நோவு, நரம்புப் பழுதால் வரும் நோவு என்னும் இரண்டோடு, நோவுணரும் அமைப்பே மாறுவதால் வரும் நோவு என்னும் மூன்றாம் வகையை உலக நோவாய்வுக் கழகம் 2017-இல் ஏற்றுக்கொண்டது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 11-ஆம் நோய்ப்பட்டியலில் நாட்பட்ட நோவு தனி நோயாகவே இடம்பெற்றுள்ளது; நாட்பட்ட முகநோவும் அதனுள் அடங்கும்.

தாடை நோவு யாருக்கு வருகிறது என்பதை அறிய அமெரிக்காவின் நான்கு ஊர்களில் பெரியதோர் ஆய்வு நடந்தது. தாடை நோவே இல்லாத 2,737 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் 260 பேருக்குப் புதிதாக நோவு தோன்றியது. அது தோன்றுமுன்பே அவர்களிடம் சில அடையாளங்கள் தென்பட்டன. உடலின் வேறிடங்களில் நோவு, குடல் தொல்லை போன்ற பல்வேறு உடற்குறைகள், நாளுக்கு நாள் கெட்டு வந்த தூக்கம், மன அழுத்தம், பல் கடிக்கும் வழக்கம் ஆகியன அவற்றுள் சில. தாடை நோவு தாடையோடு முடிவதில்லை என்பதை இவ்வாய்வு ஐயமற நிறுவியது.

தூக்கமும் கவலையும் நோவைக் கூட்டுகின்றன என்று சொன்னால் உடனே 'அப்படியானால் இது மனப்பிரமை' என்று முடிவு கட்டுவது பெரும்பிழை. மூளையிலிருந்து தண்டுவடத்திற்கு இறங்கும் நரம்புப் பாதைகள் நோவுச் செய்தியைத் தணிக்கவும் பெருக்கவும் வல்லவை. தூக்கமின்மையும் அச்சமும் அப்பாதைகளின் வழியே நோவைப் பெருக்குகின்றன. இது சதையிலும் குருதியிலும் நிகழும் மாற்றம்.

அழித்துப் போக்க முயன்ற வரலாறு

1934-இல் செயின்ட் லூயி நகரின் காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், 11 நோயாளிகளைக் கண்டு ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்களை இழந்ததால் தாடை மிகையாக மூடிக்கொள்கிறது, அதனால் மூட்டு நெரிந்து காதிலும் முகத்திலும் நோவு தோன்றுகிறது என்றார். 11 பேரிடம் கண்டதைக் கொண்டு எழுந்த இக்கருத்து பல் மருத்துவ உலகைப் பல்லாண்டுக் காலம் ஆண்டது. கடி சரியில்லை என்று சொல்லி நல்ல பற்களை இராவினர், பல்வரிசை முழுதுக்கும் உறை போட்டனர், பல்கட்டினர்.

நோயாளிகள் பலர் இதனால் குணமடைந்ததாகச் சொன்னார்களே என்று கேட்கலாம். 1976-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு இதற்கு விடை தந்தது. கிரீன், லாஸ்கின் ஆகியோரின் குழுவினர் 25 நோயாளிகளுக்குப் பல்லை இராவுவது போலவே பாசாங்கு செய்தனர். கருவியின் ஒலி கேட்டது. பல்லிலோ ஒரு துகளும் தேயவில்லை. ஆயினும் 16 பேர் நோவு முழுதுமாகவோ பெரும்பாலுமோ நீங்கியதாகக் கூறினர். ஆதலால், இராவிய பின் நோவு குறைந்தது என்பதைக் கொண்டு இராவியதே மருந்து என்று சொல்ல இயலாது. நம்பிக்கையும் கனிவான கவனிப்பும் காலத்தின் போக்கும் அவ்வளவு தூரம் வேலை செய்கின்றன. அவற்றைப் பெறுவதற்காக நல்ல பல்லின் எனாமலை இழக்க வேண்டியதில்லை.

இதனினும் கொடியது அறுவையில் நேர்ந்தது. டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டு ஒன்றை ஹூஸ்டன் நகரின் வைடெக் நிறுவனம் விற்றது. 1983-இல் அமெரிக்க மருந்து ஆணையம் அதற்கு இசைவளித்தது. ஆயிரக்கணக்கானோரின் தாடை மூட்டில் அது பொருத்தப்பட்டது. மெல்லும் அழுத்தம் தாங்காமல் அது நொறுங்கியது. நொறுங்கிய துகள்களை எதிர்த்து உடல் கிளர்ந்தெழ, மூட்டுக் குமிழும் சிலர்க்கு மண்டையோட்டின் அடிப்பகுதியும் அரிக்கப்பட்டன. 1991-இல் அதனைத் திரும்பப் பெற ஆணையிட்டனர். ஏற்கெனவே பொருத்திக்கொண்டவர்களோ அறுவை மேல் அறுவை கண்டு, முன்னிருந்த நோவினும் பெருநோவைச் சுமந்தனர்.

பெயரறிந்து பிரித்தல்

முகநோவு பலவகை. ஒன்றுக்கு உரிய மருந்து மற்றொன்றுக்கு உதவாது. தாடைத் தசை, மூட்டு நோவு மந்தமாகவும் இழுப்பாகவும் இருக்கும். மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் மிகும். பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும். 2014-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு நெறிமுறை இதனை இரு கோணங்களில் ஆராயச் சொல்கிறது. எந்தத் தசை, எந்த மூட்டு என்பது ஒரு கோணம். அந்நோவு ஒருவரின் உணவையும் தூக்கத்தையும் உழைப்பையும் மனத்தையும் எவ்வளவு குலைத்துள்ளது என்பது மறு கோணம். இரண்டாவதைக் கேட்காத ஆய்வு அரைகுறை ஆய்வே.

முப்பிரி நரம்பு வலி முற்றிலும் வேறானது. மின்சாரம் தாக்கியது போன்ற வலி சில நொடிகளும், மிஞ்சினால் 2 நிமிடமும் நீடித்து மறையும், மீண்டும் தாக்கும். காற்றுப் பட்டாலும், முகம் கழுவினாலும், பல் துலக்கினாலும் வெடிக்கும். இந்நோயாளி ஒரு பக்கக் கன்னத்தை மழிக்காமல் விட்டிருப்பார். சோற்றுக் கவளத்தை வாயருகே கொண்டுவந்து நிறுத்திக்கொள்வார். 1962-இல் சிக்ஃபிரிட் பிளோம் என்பவர் இதற்குக் கார்பமசெப்பின் என்னும் வலிப்பு மருந்து பயன்படுவதை லான்செட் இதழில் வெளியிட்டார். இன்றும் அதுவே முதல் மருந்து. அம்மருந்தால் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ தோன்றினால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆசிய மக்கள் சிலரிடம் காணப்படும் ஒரு மரபணு வகை இம்மருந்துடன் சேர்ந்து உயிருக்கே ஊறு விளைக்கும் தோல்நோயை உண்டாக்க வல்லது. மருந்துக்கு அடங்காதபோது, நரம்பின் வேரை அழுத்தும் குருதிக்குழாயை விலக்கி வைக்கும் அறுவை உண்டு. அதனைச் செம்மைப்படுத்திப் பரப்பியவர் பீட்டர் ஜேனட்டா. இவ்வலிக்காகப் பல்லைப் பிடுங்குவதில் எப்பயனும் இல்லை.

சில நோவுகள் காலத்தாழ்வைப் பொறுக்கமாட்டா. 50 வயதைக் கடந்தவர்க்கு உணவை மெல்லும்போது தாடை சோர்ந்து நோவதும், நெற்றிப்பொட்டில் புதுத் தலைவலியும், பார்வை மங்கலும் சேர்ந்தால் அது பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கலாம். அன்றே ஸ்டீராய்டு மருந்து தொடங்காவிடில் கண்பார்வை போகக் கூடும். நடக்கும்போதோ மாடியேறும்போதோ தாடையில் நோவு தோன்றி, நின்றால் குறைந்தால், இதயத்தை ஆராய வேண்டும். பாக்கும் குட்காவும் மெல்லுவோர்க்கு வாய் சிறிது சிறிதாகத் திறக்க மறுப்பது நம் நாட்டில் பெருகியுள்ள நார்த்திசு நோயால் ஆகலாம். அது புற்றுநோய்க்கு வழிவிடக் கூடும். ஆறாத புண், கழுத்துக் கட்டி, மரத்துப்போன உதடு ஆகியவற்றையும் தாடை நோவு என்று எண்ணி விட்டுவிடக் கூடாது.

போதுமான மருத்துவம் எது?

நாட்பட்ட தாடை நோவுக்கு எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதைப் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று சான்றுகளை நிறுத்துப் பார்த்து, 2023-இன் இறுதியில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டது. அது வலுவாகப் பரிந்துரைத்தவை அனைத்தும் கத்தி படாதவை: மேற்பார்வையுடன் செய்யும் தாடைப் பயிற்சியும் நீட்டலும், இயன்மருத்துவர் கையால் மூட்டை இளக்குதலும் தசை முடிச்சை அழுத்தித் தளர்த்துதலும், கழுத்தும் முதுகும் நேர்நிற்கும் பயிற்சி, நோவோடு வாழ்வதற்கான எண்ணத்தையும் நடத்தையையும் சீர்ப்படுத்தும் உளவியல் பயிற்சி, நோயைப் பற்றிய தெளிவான விளக்கம். அது வலுவாக வேண்டாமென்றவை: பல்வரிசையை நிலையாக மாற்றிவிடும் பல்லுறைகள், மூட்டுத் தட்டை அறுத்தெடுத்தல், அழற்சி தணிக்கும் மருந்தோடு அபின்வகை மருந்தைச் சேர்த்துக் கொடுத்தல். இரவில் மாட்டிக் கழற்றும் சாதாரண பல்லுறையும், போட்டாக்ஸ் ஊசியும், கபாபென்டின் என்னும் மருந்தும்கூட நாட்பட்ட நோவைத் தணிப்பதில் போதிய பயன் காட்டவில்லை என்று அக்குழு கருதியது. பல் தேய்வைத் தடுக்க ஒருவர் உறை அணியலாம். நோவு போகும் என்று எதிர்பார்த்துப் பெருஞ்செலவு செய்வதற்கில்லை.

வீட்டில் செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்லலாம். நாவின் நுனியை மேல்முன்பல்லின் பின்னே மெல்லத் தொட்டு, உதடுகளை மூடி, பற்களை விலக்கி வைத்துக்கொள்ளுதல். இதனை மணிக்கு மணி நினைவுபடுத்திக்கொள்ளுதல். நோவு மிக்க நாட்களில் இட்லி, குழைந்த சோறு போன்ற மென்மையான உணவு. நோவு தணிந்தபின் வழக்கமான உணவுக்குத் திரும்புதல். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்துக்கு ஒற்றடம். நோவு தொடங்கும் எல்லைவரை மட்டும் வாயை மெதுவாகத் திறந்து சில நொடி நிறுத்தி மூடுதல். சுவிங்கம், பாக்கு மெல்லுதல், நகம் கடித்தல் ஆகியவற்றை விடுதல். தூக்கத்தைச் சீர்செய்தல். தூக்கமும் கெட்டு நோவும் நீடிப்போர் சிலர்க்கு இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தை மருத்துவர் தருவதுண்டு. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைக் காட்டிலும் மிகக் குறைந்த அளவில், நோவுப் பாதைகளைத் தணிப்பதற்காக அது தரப்படுகிறது.

இவை எளியவை என்பதாலேயே இவற்றை அரைமனத்தோடு செய்கிறோம். பயிற்சியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, "போய்ச் செய்யுங்கள்" என்பது மருத்துவம் ஆகாது. செய்யும் முறையைக் கண்ணெதிரே திருத்த வேண்டும். சில வாரங்களில் மீண்டும் அழைத்துப் பார்க்க வேண்டும். வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது, என்ன உண்ண முடிகிறது என்று அளந்து எழுத வேண்டும். வளர்ந்தவர்க்கு முன்பற்களிடையே ஏறத்தாழ 40 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ திறப்பது இயல்பு. நோயாளி சொல்லும் நோவின் அளவு குறையாவிட்டாலும், 25-ஆக இருந்த திறப்பு 38-ஆக உயர்ந்து, ஒருவர் மீண்டும் குடும்பத்தோடு உட்கார்ந்து உண்கிறார் என்றால் மருத்துவம் வழியறிந்து செல்கிறது. நோவை முற்றிலும் துடைத்தெறிவதாக வாக்களிப்பவரைவிட, இவ்வளவை உறுதியாகச் சொல்லி உடன் நிற்பவரே நம்பத் தக்கவர்.

இத்தகைய மருத்துவரை எங்கே தேடுவது? அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வாய்முக நோவியலைத் தனித்துறையாக 2020-இல்தான் ஏற்றது. இந்தியாவில் பல் மருத்துவ மேற்படிப்பில் 'வாய் மருத்துவமும் கதிரியலும்' என்றொரு துறை உண்டு. பல் மருத்துவக் கல்லூரிகளில் அத்துறை இயங்குகிறது. பிடுங்குவதற்கும் இராவுவதற்கும் முன்பாக அத்துறை மருத்துவர்களிடம் ஒரு கருத்தைக் கேட்பது அறிவுடைமை. அத்துறையினரும் இயன்மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் உளவியலாளரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்கும் நோவு மையங்கள் அரசு மருத்துவமனைகளிலேயே பெருக வேண்டும். அறுவைக்குச் செலவிடும் பணத்தில் சிறு பகுதியே இதற்குப் போதும்.

நோவோடு வருபவரின் முறையீட்டை உண்மையென ஏற்பதே மருத்துவத்தின் முதற்படி. அதன்பின் எந்தச் செயலுக்கும் முன்பாக ஒரு வினாவை நோயாளியும் மருத்துவரும் சேர்ந்தே கேட்டுக்கொள்ள வேண்டும்: நாம் கணித்தது பிழையாக இருந்தால், இப்போது செய்யப் போவதை மீட்டெடுக்க முடியுமா? முடியும் என்பவற்றை முழு மூச்சோடு, போதிய காலம் செய்வோம். முடியாது என்பவற்றைச் சான்று கையில் வரும்வரை தொடாமல் இருப்போம். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தாலே நம் நாட்டில் நோயற்ற பற்கள் பல வாயிலேயே நிலைக்கும். நோவுற்ற மாந்தர் பலர் வீண் அலைச்சலின்றித் தேற்றம் பெறுவர்.